இடித்த சோளம், பிழிந்த கிழங்கு: வெனிசுவேலா சாப்பாட்டின் வேர்கள்

லத்தீன் அமெரிக்கச் சாப்பாடு என்றதும் நம்மில் பலருக்கு டாக்கோவும் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் காரமும்தான் ஞாபகத்துக்கு வரும். அது மெக்சிகோ. வெனிசுவேலா அங்கிருந்து வெகு தொலைவில், தென் அமெரிக்காவின் வட விளிம்பில், கரீபியன் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அந்த நாட்டுச் சமையலில் காரம் அநேகமாகக் கிடையாது. மிளகாய் இல்லாமலா என்றால், தாராளமாக உண்டு. ஆனால் அவர்கள் போடுவது 'அஹி துல்சே' என்ற காரமில்லாத மிளகாய். பார்க்க ஹபனேரோ என்ற கடுங்கார மிளகாய் மாதிரியே குண்டாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். தாவர இனமும் அதேதான். கடித்தால் பழ வாசனை வரும், எரியாது. வெங்காயம், பூண்டு, இந்த மிளகாய், கொத்தமல்லித்தழை எல்லாவற்றையும் எண்ணெயில் வதக்கிக்கொண்டுதான் பாதிச் சமையல் தொடங்கும். காரம் வேண்டும் என்பவருக்கு மேசையில் தனியாக ஒரு புட்டி இருக்கும், ஊற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சமையலை அறிமுகப்படுத்துகிறவர்கள் வழக்கமாக ஒரு சூத்திரம் சொல்வார்கள்: பழங்குடி, ஸ்பானியர், ஆப்பிரிக்கர் என்று மூன்று வேர்கள், மூன்றும் கலந்தது வெனிசுவேலா. தப்பில்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு தட்டிலும் இது அவர்கள் பங்கு, அது இவர்கள் பங்கு என்று பிரித்துக்கொண்டே இருப்போம். பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதோடு, அதை யார் இடித்தார்கள், யார் துருவினார்கள், யார் பிழிந்தார்கள் என்றும் பார்த்தால் விஷயம் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம். காரணம், அங்கே அடிப்படை உணவுகள் இரண்டு: மக்காச்சோளம், மரவள்ளிக்கிழங்கு. இரண்டுமே வயலிலிருந்து நேராக வாய்க்குப் போகிற சங்கதிகள் இல்லை. நடுவில் ஏகப்பட்ட கைவேலை இருக்கிறது.

காலை, மாலை, நள்ளிரவு: அரேப்பா

முதலில் அரேப்பா. மக்காச்சோள மாவில் தட்டிய, உள்ளங்கை அகலத்தில் ஒரு விரல் பருமனுள்ள வட்ட ரொட்டி. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஆவி பறக்கும் மென்மை. ஓரத்தில் கத்தியால் கீறிப் பை மாதிரி திறந்து, வெண்ணெய் தடவி, உள்ளே எதை வேண்டுமானாலும் வைத்துச் சாப்பிடுவார்கள். காலையில் வெங்காயம், தக்காளி போட்டுக் கிளறிய முட்டையுடன். இரவில் மதியம் மிஞ்சிய கறியுடன். கொண்டாட்டம் முடிந்து அதிகாலை இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் வழியில் நின்று சாப்பிடுவதும் இதைத்தான். அரேப்பா மட்டுமே விற்கும் கடைக்கு அரேபெரா என்று பெயர்; அது இல்லாத ஊர் கிடையாது.

ஸ்பானியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதிகளில் அலைந்த ஃபிளாரன்ஸ் நகரத்து வணிகர் கலெயோத்தோ சேய், உள்ளூர்ப் பெண்கள் மக்காச்சோளத்தை ஊறவைத்து, அரைத்து, வட்டமாகத் தட்டிச் சுடுவதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். சுடும் கல்லுக்கு 'புதாரே' என்று பெயர். அந்தக் காலத்தில் களிமண்ணால் ஆனது, இப்போது இரும்பு. கொலம்பியாவிலும் அரேப்பா உண்டு. யாருடையது அசல் என்று இரண்டு நாட்டுக்காரர்களும் சண்டை போடுவார்கள். ஐரோப்பியர் வந்து எல்லை கிழிப்பதற்கு முன்பே இருந்த உணவுக்கு இப்போது பட்டா கேட்பதில் அர்த்தமில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லலாம்: கொலம்பியாவில் பெரும்பாலும் மெல்லியதாகச் சுட்டு மேலே வைத்துச் சாப்பிடுவார்கள் அல்லது கறிக்குத் தொட்டுக்கொள்வார்கள். வெனிசுவேலாவில் கனமாகச் சுட்டு உள்ளே நிரப்புவார்கள்.

நிரப்புவதை வைத்து ஆளுக்கொரு பெயர் உண்டு. கறுப்புப் பீன்ஸும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்தால் டொமினோ. இழை இழையாகப் பிய்த்த மாட்டிறைச்சியும் மஞ்சள் சீஸும் வைத்தால் பெலூவா, அதாவது முடி நிறைந்தவள். ஒன்றுமே வைக்காத வெறும் அரேப்பா 'விதவை'. இந்தப் பெயர்களை இன்று யாராவது புதிதாக வைத்தால் சண்டை வரும், பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது ரெய்னா பெப்பியாதா: வேகவைத்த கோழியைப் பிய்த்து, பிசைந்த அவகாடோ, மயோனைஸ் சேர்த்தது. 1955இல் சூசானா துய்ம் என்ற வெனிசுவேலாப் பெண் உலக அழகியானார். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் அவர். தலைநகர் கராகாஸில் அரேப்பா கடை வைத்திருந்த அல்வாரெஸ் சகோதரர்கள் அவர் நினைவாக இந்த அரேப்பாவுக்கு 'ராணி' என்று பெயரிட்டார்கள். பெப்பியாதா என்பது அந்தக் காலத்துப் பேச்சுவழக்கில் வளைவு நெளிவுள்ள அழகி.

சரி, இதன் மாவு எப்படி வந்தது? சமையலைவிட இது எனக்குச் சுவாரசியமான கதை.

காய்ந்த மக்காச்சோள மணியின் தோல் கெட்டியானது. மெக்சிகோவில் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்துத் தோலை நீக்குவார்கள். வெனிசுவேலாவிலும் சாம்பலோ சுண்ணாம்போ போட்டு வேகவைத்துச் செய்யும் 'பெலாதா' அரேப்பா உண்டு. ஆனால் பரவலாக இருந்தது இடிக்கும் முறை. மரத்தண்டைக் குடைந்து செய்த, இடுப்பளவு உயர உரல். அதற்கு பிலோன் என்று பெயர். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு உலக்கையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும், அதனால் பாட்டு வேண்டும். ஒருத்தி ஓர் அடி பாட, மற்றவள் பதிலடி பாடுவாள். காதல், ஊர் வம்பு, ஏமாற்றிய ஆணுக்கு வசவு, எல்லாம் அதில் வரும். அந்தப் பாட்டுகளை இன்று மேடையில் பாடுகிறார்கள். மேடைக்கு வருவதற்கு முன்பு அவை தோள் வலியை மறக்கப் பாடப்பட்டவை.

இடித்து, உமியும் முளையும் பிரிந்தபின் புடைத்து, வேகவைத்து, ஆறவைத்து, அம்மியிலோ கை ஆலையிலோ அரைத்து, அப்புறம்தான் மாவு. நாளைக் காலைச் சாப்பாட்டுக்கு இன்று மதியமே வேலை தொடங்கவேண்டும். 1914இல் மரகைபோ ஏரிக்கரையில் எண்ணெய்க் கிணறு உற்பத்தியைத் தொடங்கியபின் நாடு வேகமாக மாறியது. கிராமத்து ஜனம் நகரத்துக்கு வந்தது. கராகாஸ் குடியிருப்பில் உரலை எங்கே வைப்பது? இறக்குமதிக் கோதுமையும் பேக்கரி ரொட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. 1950களில் நகர வீடுகளில் அரேப்பா மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் லூயிஸ் கபாயேரோ மெஹியாஸ் என்ற வெனிசுவேலாப் பொறியாளர், முன்பே வேகவைத்த மக்காச்சோள மாவு செய்யும் முறைக்கு 1954இல் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகள் கழித்து இதைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது போலார் நிறுவனம். அது 1941இல் தொடங்கிய பீர் ஆலை. பீர் காய்ச்சப் பார்லியோடு மக்காச்சோளச் செதில்களையும் பயன்படுத்திக்கொண்டிருந்ததால், சோளத்தை உடைத்து முளை நீக்கும் வேலை அவர்களுக்கு அத்துபடி. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த பீர் நிபுணர் கார்லோஸ் ரூபிசெக் மாவு தயாரிப்பில் முக்கியப் பங்கெடுத்தார். 1960 டிசம்பரில் 'அரினா பான்' என்ற பெயரில் அந்த மாவு கடைக்கு வந்தது. தலையில் புள்ளி போட்ட துணி கட்டிய பெண்ணின் படம் போட்ட அந்த மஞ்சள் பொட்டலம் இன்றும் அப்படியே விற்கிறது. இடிக்கிற வேலை ஒழிந்தது என்பதைச் சொல்லியே ஆரம்பத்தில் விளம்பரம் செய்தார்கள்.

இந்த மாவின் சூட்சுமம் எளிது. தோலும் முளையும் நீக்கிய சோளத்தை வேகவைத்து, உருளைகளுக்கிடையே நசுக்கிச் செதிலாக்கி, உலர்த்தி, அப்புறம் பொடிக்கிறார்கள். நாம் அவல் செய்கிற முறைக்கு மிக நெருக்கமான யோசனை. அவலைப் போலவே மாவுச்சத்து ஏற்கெனவே வெந்திருப்பதால் தண்ணீர் பட்டதும் இளகி ஒட்டிக்கொள்ளும். இரண்டு கோப்பை மாவுக்குச் சுமார் இரண்டரைக் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் மாவைத் தூவிக்கொண்டே பிசையவேண்டும். மாறிச் செய்தால் கட்டி தட்டும். ஐந்து நிமிடம் மூடிவைத்தால் மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டு இறுகும். உருட்டித் தட்டும்போது ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், கையை நனைத்துக்கொண்டு மறுபடி பிசையலாம். கல்லில் இரண்டு பக்கமும் பொன்னிறப் பொருக்குத் தட்டும்வரை விட்டு, அடுப்பைக் குறைத்து உள்ளே வேகவிடுவார்கள். வெந்ததா என்று பார்க்க விரலால் தட்டிப் பார்ப்பது வழக்கம். உள்ளே கூடாக இருப்பது போல டொக்கென்று சத்தம் வந்தால் எடுக்கலாம்.

இரண்டு நாள் வேலை அரைமணி நேரமாகியது. அரேப்பா பிழைத்ததற்கு இதுவே காரணம் என்று தயங்காமல் சொல்லலாம். கூடவே ஒன்று நடந்தது: ஒரு தேசத்தின் காலைச் சாப்பாடு ஒரு தொழிற்சாலைப் பொருளை நம்பத் தொடங்கியது. 2014க்குப் பிறகு பொருளாதாரம் சரிந்தபோது அதன் விலை தெரிந்தது. விலைக் கட்டுப்பாடு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து மாவுப் பொட்டலத்துக்கு மணிக்கணக்கில் வரிசை நிற்கவேண்டியதாயிற்று. பலர் எல்லை தாண்டிக் கொலம்பியாவின் குக்குத்தா நகரத்துக்குப் போய் வாங்கி வந்தார்கள். பல வீடுகளில் பரணில் கிடந்த கை ஆலை கீழே இறங்கியது. முழுச் சோளத்தை வாங்கி, வேகவைத்து, மேசையில் பூட்டிய ஆலையில் சுற்றி அரைத்தார்கள். மரவள்ளியிலும் வாழைக்காயிலும் அரேப்பா தட்டினார்கள். பாட்டிக்குத் தெரிந்த வேலை பேத்திக்குத் தெரியவேண்டி வந்தது.

விஷக் கிழங்கிலிருந்து ரொட்டி

மக்காச்சோளத்துக்கு இணையான இன்னொரு வேர், நிஜமாகவே ஒரு வேர். நாம் மரவள்ளி, குச்சிக்கிழங்கு என்று சொல்லும் அதே செடி. தென் அமெரிக்காதான் அதன் தாயகம். போர்த்துகீசியக் கப்பல்கள் அதை ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டுபோயின. ஒரினோக்கோ ஆற்றின் கரைகளிலும் அமேசான் காடுகளிலும் வாழும் பழங்குடிகள் அதன் கசப்பு வகையைப் பயிரிடுகிறார்கள். அதில் சயனைடு உண்டாக்கும் சத்து அதிகம். அப்படியே சாப்பிட்டால் ஆளைக் கொல்லும். பூச்சியும் காட்டு விலங்கும் அதைத் தொடத் தயங்கும், அதனாலேயே விவசாயிக்கு அது லாபம்.

விஷத்தை எடுக்கும் முறையைப் பாருங்கள். கிழங்கைத் தோல் சீவித் துருவுகிறார்கள். ஈரத் துருவலை 'செபுக்கான்' என்ற நீண்ட குழாய்க்குள் திணிக்கிறார்கள். நார்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய, ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட பை அது. மேல் முனையை உத்தரத்தில் மாட்டி, கீழ் முனை வளையத்தில் ஒரு கழியைச் செருகி அதன்மேல் ஒருவர் உட்காருவார். கனம் இழுக்க இழுக்கப் பை நீளும், நீளும்போது குறுகும், குறுகும்போது உள்ளே இருப்பதைப் பிழியும். திருகும் இல்லை, இரும்பும் இல்லை, பின்னலின் கோணம்தான் இயந்திரம். மஞ்சள் நிறச் சாறு கீழே பானையில் சொட்டும். மிஞ்சிய துருவலைச் சலித்து, பெரிய புதாரேயில் பரப்பிச் சுட்டால், மிச்சமிருக்கும் நச்சும் ஆவியாகிப் போய்விடும். மாவுச்சத்து இளகி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு மெல்லிய வட்டத் தட்டாகிவிடும். வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. இதுதான் கசாபே. ஈரம் படாமல் இருந்தால் போதும் என்பதால் ஸ்பானியப் படைகளும் கப்பல்களும் இதைத்தான் கட்டுச்சோறாக எடுத்துப்போயின.

பிழிந்த சாற்றையும் கொட்டுவதில்லை. வெகுநேரம் கொதிக்கவைத்தால் நஞ்சு போய்விடும். அதில் காரமான மிளகாயும், சில இடங்களில் பச்சாக்கோ என்ற பெரிய எறும்பும் போட்டுச் சுண்டவைத்தால் கறுத்த, புளிப்பும் காரமுமான சாஸ் கிடைக்கும். கத்தாரா என்றும், பெமோன் பழங்குடி மக்கள் பேச்சில் குமாச்சே என்றும் சொல்வார்கள். காரமில்லாத நாடு என்று மேலே சொன்னதற்குத் தெற்குக் காடுகள் விதிவிலக்கு. கியூபா, டொமினிக்கன் குடியரசு, ஹெய்ட்டி, ஹோண்டுராஸ், வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகளின் கசாபே மரபை 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. சும்மா சாப்பிட்டால் கசாபே அட்டையைக் கடித்தது போலத்தான் இருக்கும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதன் வேலை சூப்பை உறிஞ்சுவது.

தேசிய உணவும் அதன் பொய்க் கதையும்

மதியச் சாப்பாட்டின் அடையாளம் பபெயோன் கிரியோயோ. ஒரே தட்டில் வெள்ளைச் சோறு, கறுப்புப் பீன்ஸ், பிய்த்த மாட்டிறைச்சி, பழுத்த வாழைப்பழத் துண்டுகளைப் பொரித்தது. மேலே பொரித்த முட்டை வைத்தால் 'குதிரை மேல்' என்பார்கள். இறைச்சிக்கு மாட்டின் விலாவை ஒட்டிய நார் நிறைந்த பகுதியை எடுத்து, இரண்டு மணி நேரம் வேகவைத்து, கையால் நூல் நூலாகப் பிரித்து, தக்காளி வதக்கலில் புரட்டுவார்கள். பீன்ஸை முதல்நாள் இரவே ஊறப்போடவேண்டும். கராகாஸ்காரர்கள் சிலர் அதில் வெல்லம் போடுவார்கள். கிழக்கே போய் அதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள்.

இந்தத் தட்டைப் பற்றிப் பரவலாக ஒரு விளக்கம் உண்டு: வெள்ளைச் சோறு ஐரோப்பியர், கறுப்புப் பீன்ஸ் ஆப்பிரிக்கர், பழுப்பு இறைச்சி பழங்குடி, மூவரும் ஒரே தட்டில். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றுகூடப் பொருந்தாது. கறுப்புப் பீன்ஸ் அமெரிக்க மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பழங்குடிகள் வளர்த்த பயிர். மாட்டைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். நடுநாட்டுப் புல்வெளிகளில் அது பெருகியது. அரிசி ஆசியாவிலிருந்து ஸ்பெயினுக்குப் போய்க் கப்பலேறியது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அதற்கு முன்பே சொந்த நெல் இருந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் நெல் விவசாயம் தெரிந்தவர்கள் உண்டு. வாழையோ தென்கிழக்கு ஆசியச் செடி. ஆப்பிரிக்கா, கேனரித் தீவுகள் வழியாக 1516இல் கரீபியத் தீவுகளுக்கு வந்தது. தோல் நிறத்தைப் பார்த்து உணவுக்கு ஜாதி பிரித்தால் இப்படித்தான் ஆகும். இந்தத் தட்டைத் தினமும் சமைத்த கைகளில் பெரும்பாலானவை வீட்டு வேலைக்காரப் பெண்களின் கைகள். அந்தக் கதையில் அவர்கள் வருவதில்லை.

டிசம்பரில் மட்டும்

அயாக்கா என்பது கிறிஸ்துமஸ் உணவு. மற்ற மாதங்களில் அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. மாடு, பன்றி, கோழி மூன்றையும் சின்னச் சின்னதாக நறுக்கி, ஒயினும் வெல்லமும் சேர்த்துக் கெட்டியான குழம்பாக்குவார்கள். ஒனோத்தோ விதையைப் பன்றிக் கொழுப்பிலோ எண்ணெயிலோ காய்ச்சினால் செம்மஞ்சள் நிறம் இறங்கும். அதில் மக்காச்சோள மாவைப் பிசைவார்கள். வாழையிலையைத் துடைத்து, எண்ணெய் தடவி, மாவு உருண்டையை அதன்மேல் வைத்து, வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரிக்கவேண்டும். நடுவில் குழம்பு. அதன்மேல் ஆலிவ், உலர்திராட்சை, கேப்பர் என்ற ஊறவைத்த பூமொட்டு, வெங்காய வளையம், குடைமிளகாய்க் கீற்று, கராகாஸில் பாதாமும். மடித்து, இன்னொரு இலையில் பொதிந்து, இடுப்புவார் மாதிரி மூன்றாவது இலைக் கீற்றைச் சுற்றி, பருத்தி நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கொதிக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் போடுவார்கள்.

இதைத் தனியாளாகச் செய்வது நடக்காத காரியம். ஒரு வீட்டில் ஐம்பது, நூறு என்று செய்வார்கள். முதல்நாள் குழம்பு, மறுநாள் கட்டுதல். நீண்ட மேசையில் இலை துடைக்க ஒருவர், மாவு விரிக்க ஒருவர், ஆலிவ் வைக்க ஒரு சின்னப் பையன், கடைசியில் நூல் கட்டப் பலசாலி மாமா. குழம்பில் உப்பு சரியா என்று பார்க்கும் அதிகாரம் மட்டும் வீட்டு மூத்த பெண்மணிக்கே. வானொலியில் மரகைபோ ஊரின் கைத்தா பாட்டு ஓடும். மிஞ்சிய மாவையும் குழம்பையும் சேர்த்துப் பிசைந்து 'போயோ' என்று கட்டிவிடுவார்கள், ஒன்றும் வீணாகாது. எங்கள் அம்மா செய்கிற அயாக்காதான் உலகத்திலேயே சிறந்தது என்பது ஒவ்வொரு வெனிசுவேலாக்காரரும் சொல்லும் வாக்கியம்.

பண்ணை எஜமானர்களின் விருந்தில் மிஞ்சியதை அடிமைகள் இலையில் பொதிந்து உண்டார்கள், அதிலிருந்து இது பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். ஆதாரம் எதுவும் கிடையாது. இலையில் பொதிந்து வேகவைத்த சோளப் பண்டங்கள் அமெரிக்கப் பழங்குடிகளிடம் முன்பே இருந்தன. அதற்குள் மத்தியதரைக் கடல்புறத்து ஆலிவும் கேப்பரும் காலப்போக்கில் நுழைந்தன என்பதே நம்பத் தகுந்தது. ஆலிவ் மரம் வெனிசுவேலாவின் வெப்பத்தில் காய்க்காது, கப்பலில்தான் வரவேண்டும். அதனால் ஒரு வீட்டு அயாக்காவில் எத்தனை ஆலிவ் என்பதை வைத்து வருமானத்தைச் சொல்லிவிடலாம்.

அயாக்காவோடு மேசைக்கு வருவது ஹாமும் உலர்திராட்சையும் ஆலிவும் சுருட்டிவைத்த ரொட்டி. இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராகாஸ் பேக்கரிகளில் பிறந்தது, அவ்வளவு பழமையானதில்லை. பப்பாளிக்காயை வெல்லப் பாகில் காய்ச்சிய இனிப்பும் கட்டாயம்.

ஊருக்கு ஊர்

நாடு பெரியது, நிலமும் ஒரே மாதிரி இல்லை. மேற்கே ஆண்டீஸ் மலையில் மெரிடா பக்கம் குளிருக்கு ஏற்றபடி பால், உருளைக்கிழங்கு, முட்டை, கொத்தமல்லி போட்ட 'பீஸ்கா' சூப்தான் காலை உணவு. அங்கே ஸ்பானியர்கள் கோதுமை பயிரிட்டதால் அரேப்பாவையும் கோதுமையில் சுடுகிறார்கள். நடுவே யானோஸ் புல்வெளி மாட்டு நாடு. பெரிய இறைச்சித் துண்டுகளைக் கம்பில் குத்தி நெருப்பைச் சுற்றி நட்டு வாட்டுவார்கள். தவக்காலத்தில் மட்டும் சிகுயிரே. அது பன்றி அளவுள்ள, நீரில் நீந்தும் கொறிவிலங்கு. கத்தோலிக்கர்கள் அதை மீன் கணக்கில் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். தண்ணீரில் இருந்தால் மீன்தான் என்ற வாதம் வயிற்றுக்கு வசதியானது.

மரகைபோவில் தேங்காய்ப்பால் நிறையப் புழங்கும்; வெள்ளாட்டுக் கறியைத் தேங்காய்ப்பாலில் சமைப்பார்கள். அங்கே வாழைக்காயை நசுக்கித் தட்டையாகப் பொரித்து, அதையே ரொட்டியாக்கி நடுவில் கறி வைத்துவிடுவார்கள். கராகாஸுக்கு அருகே லோஸ் தெக்கேஸ் ஊரின் பெயரைத் தாங்கிய தெக்கேன்யோ, பாலாடைக்கட்டிக் குச்சியை மாவில் சுற்றிப் பொரித்தது. அது இல்லாத கல்யாண வீட்டில் விருந்தாளிகள் முணுமுணுப்பார்கள். மார்கரிட்டா தீவில் குட்டிச் சுறாவைப் புட்டு மாதிரி உதிர்த்து வதக்கி, சோள மாவில் பொதிந்து பொரித்த எம்பனாதாதான் கடற்கரைக் காலைச் சாப்பாடு.

வடகிழக்கு மூலையில் பரியா தீபகற்பம். அங்கிருந்து டிரினிடாட் தீவு மிக நெருங்கிய இடத்தில் சுமார் 11 கிலோமீட்டர். 1845 முதல் 1917 வரை ஆங்கிலேயர் டிரினிடாடின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர். மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அவர்களில் உண்டு. அவர்களின் கறி மசாலா கடலைத் தாண்டி வெனிசுவேலாவின் கூயிரியா ஊருக்கு வந்து 'தல்கரி' ஆனது. வெள்ளாட்டு இறைச்சியில் செய்யும் மசாலாக் குழம்பு, தர்காரி என்ற வட இந்தியச் சொல்தான் பெயர். மூன்று வேர் சூத்திரத்தில் இதற்கு இடமே கிடையாது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்து தெருவுக்குத் தெரு பேக்கரி வைத்த போர்த்துகீசியருக்கும், பாஸ்தாவை வாராந்தரச் சாப்பாடாக்கிவிட்ட இத்தாலியருக்கும்கூட இல்லை.

இனிப்பில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கோகோ. 18ஆம் நூற்றாண்டில் வெனிசுவேலாவின் செல்வமே அதுதான். 1728இல் ஸ்பானிய அரசு அந்த வணிகம் முழுவதையும் வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. அது வைத்த விலைக்குத்தான் விற்கவேண்டும் என்றானபோது, 1749இல் ஹுவான் பிரான்சிஸ்கோ தே லியோன் தலைமையில் கலகமே மூண்டது. மரத்தைப் பராமரித்து, காயை உடைத்து, விதையைப் புளிக்கவைத்துக் காயப்போட்டவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அடிமைமுறை ஒழிந்தது 1854இல். அவர்களின் சந்ததியினர் பார்லோவெந்தோ பகுதியிலும் சுவாவோ போன்ற கடலோர ஊர்களிலும் இன்றும் கோகோ விளைவிக்கிறார்கள். சுவாவோவுக்குச் சாலை கிடையாது, படகில்தான் போகவேண்டும். தேவாலயத்துக்கு முன்னால் உள்ள சிமென்ட் தளத்தில் பெண்கள் கோகோ விதையைப் பரப்பிக் காலால் கிளறிவிடுவார்கள்; மேகம் திரண்டால் ஓடிவந்து வாரிக் கூட்டுவார்கள். உலகின் விலை உயர்ந்த சாக்லேட்டுகள் சிலவற்றின் மூலப்பொருள் அந்தத் தளத்தில்தான் காய்கிறது.

வீட்டில் செய்து பார்க்க நினைத்தால்

எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வெனிசுவேலாக்காரர்கள் கடந்த சில ஆண்டுகளில் நாட்டைவிட்டு வெளியேறியதால் போகோத்தா, லிமா, மாட்ரிட், மியாமி என்று எங்கும் அரேப்பா கடைகள் முளைத்துவிட்டன. அந்த ஊர்களில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. இங்கே செய்ய நினைப்பவர்கள் மாவில்தான் சறுக்குவார்கள். கடையில் கார்ன்ஃபிளார் என்று விற்பது வெறும் மாவுச்சத்து, பசைதான் கிடைக்கும். ரொட்டிக்கு விற்கும் பச்சை மக்காச்சோள மாவு வேகாதது, தட்டும்போதே உதிரும். மெக்சிகோ மாவில் சுண்ணாம்பு வாசனை வரும், சுவை வேறு. முன்வேகவைத்த வெள்ளை மக்காச்சோள மாவு என்று கேட்டு, இறக்குமதிப் பொருள் விற்கும் கடையிலோ இணையத்திலோ வாங்கவேண்டும்.

அது கிடைக்காவிட்டால் கச்சாப்பாவில் தொடங்குங்கள். அது இளஞ்சோளத்தை அரைத்துக் கல்லில் ஊற்றும் தடித்த அடை. அங்கே நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் வெண்ணெய் வழியச் சுட்டு, 'கேசோ தே மானோ' என்ற இளம் பாலாடைக்கட்டியை வைத்து இரண்டாக மடித்துத் தருவார்கள். மூன்று கதிர் சோளத்தை உதிர்த்து, கொஞ்சம் பால், உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்து, திப்பி தெரியும்படி அரைத்தால் போதும். நம் ஸ்வீட் கார்னில் தண்ணீர் அதிகம், அதனால் இரண்டு கரண்டி மக்காச்சோள மாவு சேர்க்காவிட்டால் கல்லில் பிடிக்காது. நாட்டு மக்காச்சோளக் கதிர் கிடைத்தால் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே வைக்கப் பனீர் சுமார்தான். உப்புப் போட்ட மொஸரெல்லா பரவாயில்லை. தீ குறைவாக இருக்கட்டும். மேலே குமிழி வந்து, ஓரம் காய்ந்து தானாகக் கல்லைவிட்டு எழும்பும்வரை தோசைத் திருப்பியைத் தொடாதீர்கள்.